வந்த விதம்: சுவர்

நகராட்சி நூலகத்தின் வடக்குச் சுவர் தன் முதல் புத்தகத்தை ஈன்றது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. நாளிதழ் மேசைக்கு மேலே, மார்பு உயரத்தில், சுண்ணாம்பு லேசாக உப்பியது. பிறகு வெடித்தது. முதலில் முதுகுப்பட்டை எட்டிப் பார்த்தது, அப்புறம் அட்டை, கடைசியில் முழுப் புத்தகமும் வழுக்கிக்கொண்டு வந்து அன்றைய நாளிதழின் மேல் தொப்பென்று விழுந்தது. சுவரில் ஒரு கீறல்கூட மிஞ்சவில்லை. பெருக்கிக்கொண்டிருந்த அக்கா துடைப்பத்தைப் போட்டுவிட்டு, "ஐயோ, ஐயோ" என்று அலறினாள். "கத்தாதீங்க அக்கா, இது நூலகம்," என்றாள் நூலகர். எழுந்து போய்ப் புத்தகத்தைத் தொட்டுப் பார்த்தாள். இப்போதுதான் இஸ்திரி போட்ட துணி மாதிரி சூடாக இருந்தது. தலைப்பு 'தெருக்குழாய் வந்த கதை'. எழுதியவர் பெயர் இல்லை. அதைத் தன் மேசைக்குக் கொண்டுவந்து, பதிவேட்டைத் திறந்து, பதினாலாயிரத்து இருநூற்று எட்டாம் எண்ணில் ஏற்றினாள். 'வந்த விதம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'விலைக்கு' என்றோ 'அன்பளிப்பு' என்றோ எழுதுவது வழக்கம். அன்று அவள் 'சுவர்' என்று எழுதினாள். பிறகு முத்திரை குத்தினாள்.

முத்திரையைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் வந்த வம்பெல்லாம் அதனால்தான் வந்தது. எந்த நூலகமும் தன் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் முத்திரை குத்தும். அது திருடனுக்கும் தெரியும். அந்த இரண்டையும் கிழித்துவிட்டுத்தான் அவன் பழைய பேப்பர் கடைக்குப் போவான். அவனுக்காகவே உள்ளே மூன்றாவதாக ஒரு பக்கம் இருக்கிறது. அது எத்தனையாவது பக்கம் என்பதை நூலகர் வேலையில் சேரும் நாளில் முடிவு செய்து, செத்தாலும் வெளியே சொல்லாமல் வைத்திருக்க வேண்டும். காணாமல்போன புத்தகம் எங்காவது அகப்பட்டால், அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினால் போதும், திருடன் முகத்தில் ஈயாடாது. இவள் தேர்ந்தெடுத்தது முப்பத்தேழு. மில்லில் அவள் அப்பாவின் டோக்கன் எண் அது. முட்டை வடிவ முத்திரை, ஊதா மை, உள்ளங்கை அகலம். இருபது வருஷத்தில் ஏடுகளை விரலால் தள்ளி முப்பத்தேழில் நிறுத்த அவளுக்குக் கண் தேவைப்படாமல் போய்விட்டது. ஊர் அவளை முகத்துக்கு நேரே 'முத்திரையம்மா' என்றது. முதுகுக்குப் பின்னால் 'பாய்லர்காரன் மகள்' என்றது.

முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு பிற்பகல் இரண்டு ஐம்பத்தைந்துக்கு மில்லின் பாய்லர் வெடித்தது. பக்கத்துக் கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஏழு பேர் செத்தார்கள். நீராவி மிதமிஞ்சினால் தானே திறந்துகொள்ள வேண்டிய பாதுகாப்பு வால்வை யாரோ கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அன்று பிற்பகல் பாய்லர் அறையில் வேலையில் இருந்தவர்கள் இரண்டு பேர், இருவரும் பிழைத்தார்கள். ஒருவர் பாய்லர்காரர், டோக்கன் முப்பத்தேழு. மற்றவர் மேஸ்திரி, டோக்கன் நான்கு. கட்டியது அவர்தான் என்று இவரும், இவர்தான் என்று அவரும் சொன்னார்கள். மேஸ்திரி வெள்ளைச் சட்டையில் வந்து விசாரணையில் நின்றார். பாய்லர்காரர் முழங்கைவரை வெந்துபோன இரண்டு கைகளோடு, மருந்து நாற்றத்தோடு வந்து நின்றார். கட்டினவன் கைதானே வெந்திருக்கும் என்று யாரோ சொல்ல, விசாரணை அத்தோடு முடிந்தது. அதற்கப்புறம் ஒரு மாதம் அவர் தெருவில் எதிரே வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, "நான் கட்டலைங்க" என்று சொன்னார். கேட்க ஆள் இல்லை. மூத்த மகன் பத்தொன்பது வயதில் ஊரை விட்டுப் போனான். தன் பெயரோடு ஒட்டியிருந்த அப்பா பெயரை அறுத்து எறிந்தான். இனிமேல் எனக்குக் கடிதம் போடாதே என்று தங்கைக்கு ஒரே ஒரு கடிதம் போட்டான். அப்பா நாலு வருஷம் இருந்தார், கடைசி இரண்டு வருஷம் சுவரைப் பார்த்துப் படுத்தபடியே.

வேறு யாராவது இருந்தால் மூட்டையைக் கட்டியிருப்பார்கள். இவள் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார ஆள் கிடையாது. பெண் பார்க்க வந்தவர்கள் வீடு எதுவென்று தெரிந்ததும் வாசலோடு திரும்பினார்கள். இந்த ஊரின் கண்ணில் விழுந்த தூசி மாதிரி கடைசிவரை உறுத்திக்கொண்டே இருப்பேன் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள், அப்படியே இருந்தாள். இதில் பெரிய கொடுமை, நூலக வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே அந்த மேஸ்திரிதான். அவர் அதற்குள் நூலகக் குழுவின் தலைவராகியிருந்தார். ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்திலும் எழுந்து நின்று, "பாவம், கேக்க நாதியில்லாத பொண்ணு. அப்பன் செஞ்ச பாவத்துக்கு அது என்ன பண்ணும்? நான்தான் நாலு பேரு காலப் பிடிச்சு இந்த வேலைய வாங்கிக் குடுத்தேன்," என்பார். சொல்லும்போது சாவிக்கொத்தை விரலில் சுழற்றுவார். அதில் அவருடைய பித்தளை டோக்கன், நாலாம் எண், கிணுகிணு என்று ஆடும். ஊர் கை தட்டும். அவள் கடைசி நாற்காலியில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

புத்தகங்கள் எங்கிருந்து வருகின்றன என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. மில் மூடிய பிறகு அதன் புகைபோக்கியையும் பாய்லர் அறையையும் இடித்து, அந்தச் செங்கல்லில்தான் நூலகத்தின் வடக்குச் சுவரைக் கட்டினார்கள் என்பது ஊருக்குத் தெரியும். இத்தனை வருஷம் சுவர் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தது என்று கேட்டால், அது சுவரின் பாடு.

முதலில் வாரத்துக்கு இரண்டு மூன்று, பிறகு நாளுக்கு நாலைந்து என்று வந்தன. சட்டைக் கம்பெனிப் பெண்களைப் பற்றி 'பொத்தான் தைத்தவர்கள்' வந்தது. எந்தப் பெண்ணின் எந்த விரலில் எந்த வருஷம் ஊசி ஏறியது, கழிவறைக்குப் போய்வர எத்தனை நிமிஷம் விட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. ஒரு ஜன்னலுக்காக நாற்பது வருஷம் அடித்துக்கொண்ட அண்ணன் தம்பியைப் பற்றி 'மூலை வீட்டு வழக்கு' மூன்று பாகங்களில் வந்தது. 'சைக்கிள் கடைக்காரரின் ஒன்பது மகள்கள்' வந்தது. 'தபால்காரர் கொடுக்காத கடிதங்கள்' வந்தது, கடிதங்களோடு. 'குளம் மறைந்த வரலாறு' வரைபடத்தோடு வந்தது. 'லாரி ஓட்டுநர்களின் இரண்டாவது வீடுகள்' வந்த அன்றைக்கு மட்டும் நாற்பத்தாறு பெண்கள் புதிதாக உறுப்பினர் அட்டை வாங்கினார்கள்.

நம்ம ஊரைப் பற்றி இத்தனை புத்தகமா என்று முதல் வாரம் ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. இரண்டாம் வாரம் படிக்க ஆரம்பித்தார்கள். அத்தோடு தொலைந்தது. தன் வீட்டைப் பற்றிய புத்தகம் பச்சைப் பொய், அடுத்த வீட்டைப் பற்றியது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். வாசிப்பு அறையில் சட்டைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள். இருபது வருஷம் ஒன்றாக டீ குடித்தவர்கள் எதிரெதிர் நடைபாதைக்கு மாறினார்கள். மரக்கடைக்காரர், குளத்துக்கு நிலம் கொடுத்த வள்ளல் தன் தாத்தா என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவர். தாத்தா அந்தக் குளத்தை மூடித்தான் மனை போட்டார் என்று புத்தகம் சொன்னது. அவர் அந்தப் பக்கத்தில் தாத்தா பெயர் வந்த இடத்தையெல்லாம் பேனாவால் அழுத்தி அழுத்திக் கறுப்பாக்கினார். அவரோடு ஏற்கெனவே வழக்கில் இருந்த நில அளவைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தையே கிழித்துச் சுருட்டி அவர் முகத்தில் எறிந்தார். மறுநாள் காலையில் கிழிந்த இடத்தில் புதுப் பக்கம் முளைத்திருந்தது, வளர்ந்த நகம் மாதிரி வழவழப்பாக. பேனாக் கிறுக்கல் ஒன்றுமில்லை. தாத்தாவின் பெயர் பளிச்சென்று இருந்தது.

கிழித்துப் பயனில்லை என்று ஆனதும் ஊர் தன் ஆத்திரத்தையெல்லாம் அவள்மேல் திருப்பியது. ஜன்னலில் கல் விழுந்தது. டீக்கடையில் அவளுக்கு மட்டும் பால் தீர்ந்துபோனது. அவளும் ஒன்றும் சாது இல்லை. ஒவ்வொரு குடும்பத்தின் புத்தகத்தையும் அட்டை தெரிய வெளிப்பக்கம் திருப்பி வைத்தாள். மனம் நொந்து வருகிறவரிடம், அவருக்கு ஆகாதவரின் புத்தகத்தை, "இதையும் படிச்சுப் பாருங்க, மனசு ஆறும்," என்று எடுத்துக் கொடுத்தாள். தணிக்கைக்கு வந்த அதிகாரி பதிவேட்டைப் பார்த்துவிட்டுக் குதித்தார். "விலைக்கு, இல்லேன்னா அன்பளிப்பு. ரெண்டே வகைதாம்மா. சுவருன்னு ஒரு வகை கிடையாது," என்றார். "சுவரு குடுத்தா சுவருன்னுதான் சார் எழுத முடியும்." "அப்ப அன்பளிப்புன்னு எழுதுங்க." "அன்பா? இவங்க மேல அது எனக்கும் கிடையாது, சுவருக்கும் கிடையாது," என்றாள். அவர் சிவப்பு மையில் ஆட்சேபம் எழுதிவிட்டுப் போனார். போகும்போது தன் மாமனார் வீட்டுப் புத்தகம் வந்திருக்கிறதா என்று மெதுவாக விசாரித்தார்.

அவள் காத்திருந்தது ஒரே ஒரு புத்தகத்துக்கு. தினமும் காலையில் கதவைத் திறந்ததும் சுவரில் காதை வைத்துக் கேட்பாள். எந்தப் புத்தகத்துக்காக என்று ஊருக்குத் தெரியும், மேஸ்திரிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். எழுபத்தாறு வயதிலும் நிமிர்ந்து நடக்கிறவர் அவர். ஒரு நாள் வந்து, நாற்காலியைச் சுவருக்குத் தள்ளிப் போட்டு உட்கார்ந்து, "சுவரு ஈரம் பாஞ்சிருக்கு போலிருக்கே. பூசிடலாமா?" என்றார். சிமெண்டு பூசினார்கள். மறுநாள் புத்தகங்கள் அட்டையில் சிமெண்டு ஒட்டிக்கொண்டு வந்தன, அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த வாரம் குழு கூடி, வடக்குச் சுவர் பொதுமக்களின் நிம்மதிக்கு ஆபத்தான நிலையில் இருப்பதால் அதை இடிப்பது என்று தீர்மானம் போட்டது. வியாழக்கிழமை காலை பத்து மணி என்று நாள் குறித்தார்கள். எதிர்த்து ஒரு கை கூட உயரவில்லை. அப்பா பெயரில் இருக்கிற கறை போக உலகத்தில் ஒரே ஒரு வழிதான் பாக்கி இருந்தது, அதற்கும் நாள் குறித்துவிட்டார்கள் என்று அவள் பதிவேட்டை அறைந்து மூடினாள்.

தீர்மானத்தைச் சுவர் எப்படித் தெரிந்துகொண்டதோ, புதன்கிழமை காலையிலிருந்து மூச்சு விடாமல் ஈன்றது. மத்தியானத்துக்குள் அறுபது. நாளிதழ் மேசை கால் மடங்கி விழுந்தது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முத்திரை இருந்தால் நூலகச் சொத்து, ஒருவனும் கை வைக்க முடியாது. முத்திரை இல்லாவிட்டால் நாளைக்கு உடைந்த செங்கல்லோடு சேர்த்து லாரியில் அள்ளிப் போட்டுவிடுவார்கள். ஆகவே இருபது வருஷத்தில் செய்யாத ஒன்றைச் செய்தாள். பதிவேட்டில் தலைப்பு எழுதுவதைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் முத்திரை குத்தினாள். அக்கா சுண்ணாம்பைத் துடைத்துத் துடைத்து நீட்டினாள். இவள் குத்தினாள். முதல் பக்கம், கடைசிப் பக்கம், முப்பத்தேழு. பக்கத்தையும் பார்க்கவில்லை, தலைப்பையும் பார்க்கவில்லை. நாலு மணிக்குச் சுவர் ஓய்ந்தது. அவள் கையை உதறிக்கொண்டு பதிவேட்டைத் திறந்து, அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தலைப்பு எழுதத் தொடங்கினாள். முப்பத்தோராவதாக எடுத்தது ஒரு மெல்லிய புத்தகம். 'பாய்லர் அறை: ஒரு பிற்பகலின் வரலாறு'.

நின்றுகொண்டே படித்தாள். புத்தகம் யாரையும் பெயர் சொல்லி எழுதவில்லை, மில்லின் வழக்கப்படி டோக்கன் எண்தான். முப்பத்தாறாம் பக்கத்தில் அழுத்தமானியின் முள் சிவப்பைத் தொட்டது. அறையில் நான்காம் எண்ணும் முப்பத்தேழாம் எண்ணும் மட்டும் இருந்தார்கள். சத்தம் போட்டுப் பேசினார்கள். எதிர்ப்பக்கத்துக்கு வந்தாள். முப்பத்தேழாம் பக்கம், பதினான்காம் வரி: வால்வைக் கம்பியால் சுற்றிக் கட்டியவர் டோக்கன் எண். அதற்கப்புறம் அவளுடைய முத்திரை. முட்டை வடிவத்தில், ஊதா நிறத்தில், கனமாக, எண்ணின் மேலேயே உட்கார்ந்து, அதன் கீழே நாலைந்து வரிகளையும் விழுங்கியிருந்தது. முப்பத்தெட்டாம் பக்கத்தில் ஏழு பேரும் செத்துப்போயிருந்தார்கள். மிச்சப் புத்தகம் முழுக்கக் 'கட்டியவர்' என்றே சொல்லிக்கொண்டு போனது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். எந்தக் காலத்திலும் அழியாத மையாகப் பார்த்து வாங்கியவள் அவள்தான்.

அக்காவின் வாயில் ஒன்றும் தங்காது. அரை மணி நேரத்தில் ஊர் வாசிப்பு அறைக்குள் இருந்தது. மேஸ்திரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பக்கத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. எல்லாருக்கும் கேட்கிற குரலில், "நல்ல காரியம் பண்ணினம்மா. என்ன இருந்தாலும் பெத்த அப்பன். அவன் மானத்தை நீதானே மறைக்கணும்," என்றார். கூட்டம் தலையை ஆட்டியது. "பாத்தியா, அவளே குத்தி மறைச்சுட்டா." "இல்லேன்னா அத்தனை எடம் இருக்க அங்க ஏன் குத்துறா?" "யாருக்குக் காது குத்துறா இவ?" அந்தப் பக்கத்தில்தான் எல்லாப் புத்தகத்திலும் குத்துவேன் என்று அவளால் சொல்ல முடியவில்லை. சொல்லக்கூடாது என்பது விதி. சொல்லியிருந்தாலும், ஏன் முப்பத்தேழு என்ற கேள்விக்குப் பதில் இன்னும் அசிங்கமாக இருந்திருக்கும்.

கிழித்தால் பக்கம் புதிதாக முளைக்கும், முத்திரை இல்லாமல். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பக்கத்தின் ஓரத்தை மடித்ததற்காக ஒரு தலைமை ஆசிரியரையே வெளியே போகச் சொன்னவள் அவள். விதி ஒரு பக்கம் கிடக்கட்டும். அவளைத் தடுத்தது வேறு. பதினைந்து வயதில், ஒரு நாள் பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்து, "நெஜமாவே நீங்க கட்டலையாப்பா?" என்று அவளும் கேட்டிருக்கிறாள். தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்ன மனிதர் அன்றைக்கு அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அப்புறம் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அது பொய் அகப்பட்டுக்கொண்ட வெட்கமா, இல்லை நீயுமா என்ற வேதனையா என்று இருபத்தொன்பது வருஷமாக அவளுக்குத் தெரியவில்லை. மையின் அடியில் முப்பத்தேழு என்று இருந்தால் என்ன செய்வது?

சாவிக்கொத்து கிணுகிணுத்தது. அவள் பக்கத்தை விளிம்பில் பிடித்து, அடிவரை ஒரே இழுப்பாகக் கிழித்தாள். "நாளைக்குக் காலையில வாங்க. என்ன நம்பர் இருந்தாலும் சத்தமாப் படிக்கிறேன்," என்றாள். "நாளைக்குச் சுவரே இருக்காதேம்மா," என்றார் மேஸ்திரி. சுவர் போனால் பக்கமும் முளைக்காது என்ற தெம்பில் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சாவிக்கொத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் அவள் ஏழு மணிக்கு வந்தாள். சுவரோரம் விரித்து வைத்திருந்த புத்தகத்தில் பக்கம் மேலிருந்து கீழாகப் பாதிகூட வளர்ந்திருக்கவில்லை, எட்டு வரிதான். பத்து மணி என்று தீர்மானம் போட்ட மேஸ்திரி எட்டரைக்கே ஆள்களோடு வந்து நின்றார், பின்னாலேயே ஊர். அக்கா சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். "என்னை இடிச்சிட்டு அப்புறம் சுவரை இடிங்க. நானும் பழைய செங்கல்லுதான்," என்றாள். கொத்தனார் கடப்பாரையைத் தரையில் ஊன்றி நின்றார். செத்த ஏழு பேரில் ஒருவர் அவருடைய அப்பா. "இடிய்யா, என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?" என்று மேஸ்திரி சத்தம் போட்டார். கொத்தனார், "இருங்கய்யா. நாலு வரி படிக்க எவ்வளவு நேரம் ஆயிடப்போகுது? படிக்கட்டும்," என்றார். ஒன்பதாம் வரி வந்தது. பத்தாவது வந்தது. இத்தனை பேர் இத்தனை மெதுவாக ஒரு பக்கத்தைப் படித்தது அந்த நூலகத்தில் அதுதான் முதல் தடவை. பத்தேகாலுக்குப் பக்கம் அடிவரை முளைத்து நின்றது. அவள் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். தண்ணீர் குடித்துவிட்டுப் படித்தாள்.

"வால்வைக் கம்பியால் சுற்றிக் கட்டியவர் டோக்கன் எண் நான்கு. அழுத்தம் இறங்கினால் இன்றைக்குச் சரக்கு போய்ச் சேராது என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே போனார். டோக்கன் எண் முப்பத்தேழு ஓடிப்போய் வெறுங்கையால் கம்பியை அவிழ்க்கத் தொடங்கினார். மூன்று சுற்றில் இரண்டை அவிழ்த்துவிட்டார். அப்போது மணி இரண்டு ஐம்பத்தைந்து."

அவிழ்க்கப் போய்த்தான் அந்தக் கைகள் வெந்தன. அந்தக் கைகளுக்கு நாலு வருஷம் மருந்து போட்டவள் அவள். நீங்கள் கட்டினீர்களா என்று கேட்டவளும் அவள். புத்தகத்தை மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள், கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. கூட்டம் தரையைப் பார்த்தது, கூரையைப் பார்த்தது. யாராவது ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் டீக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதுல என்னங்க புதுசா இருக்கு? ஊருக்கே தெரிஞ்ச விஷயம்தானே," என்றார். "அதானே," என்றார் மரக்கடைக்காரர். "அப்பவே எங்கப்பா சொல்லுவாரு," என்றார் இன்னொருவர்.

அவளுக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல். "தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டா முப்பத்தோரு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்க? அந்த மனுஷன் தெருத்தெருவா நின்னு சொன்னாரே, அப்ப எங்கடா போச்சு உங்க தெரிஞ்ச விஷயம்? எங்கண்ணன் போனானே, அப்ப தெரியலையா?" ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சட்டென்று தன் சத்தம் தனக்கே கேட்க, பழக்க தோஷத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். சுவரில் சாய்ந்திருந்த அக்கா, "நல்லாக் கத்துங்க மேடம். இன்னிக்கு நூலகம் லீவு," என்றாள். அவள் கத்தினாள். கால் மணி நேரம் கத்தினாள். ஊர் ஒவ்வொருவராக நழுவியது. கொத்தனார் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு, மேஸ்திரியின் பக்கம் திரும்பாமலேயே நடந்தார். மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை, அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. டீக்கடையில் மட்டும் அவளுக்குப் பால் இருக்க ஆரம்பித்தது. அவள் அங்கே போவதை நிறுத்தியிருந்தாள்.

சுவரை இடிக்க வேறு ஆள் கிடைக்கவில்லை, சுவர் நின்றது. பாய்லர் புத்தகத்தில் மட்டும் முப்பத்தேழாம் பக்கத்தில் அவள் மறுபடி முத்திரை குத்தவில்லை. அடுத்த வாரம் சால்வை போர்த்திக்கொண்டு வந்த மேஸ்திரி, போகும்போது அந்தப் புத்தகத்தைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு போனார். செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்குச் சுவர் அதே புத்தகத்தை மறுபடி ஈன்றது. அவர் அதையும் கொண்டுபோனார். சுவர் இன்னொன்றைக் கொடுத்தது. அப்படி வந்த ஒரு பிரதியை அவள் பதிவேட்டில் ஏற்றாமல், முத்திரையும் குத்தாமல், பதிவுத் தபாலில் அண்ணனுக்கு அனுப்பினாள். அவள் காலத்தில் கணக்கில் வராமல் நூலகத்தை விட்டு வெளியே போன ஒரே புத்தகம் அதுதான். கடிதம் ஒன்றும் வரவில்லை. பெற்றுக்கொண்டதற்கான அட்டை மட்டும் கையெழுத்தோடு திரும்பி வந்தது. கையெழுத்தில் அப்பா பெயர் முன்பு போலவே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தாள்.

மேஸ்திரி ஒன்பது வருஷம் திருடினார். கோடையிலும் சால்வையோடு வந்தார். கிழித்தால் முளைத்துவிடும் என்பதால் ஒளித்துத்தான் வைக்க முடிந்தது. "அந்தாளு தூக்கிட்டுப் போறாரு மேடம்," என்று அக்கா பல்லைக் கடிப்பாள். "போகட்டும், வீட்டுல வச்சுப் படிக்கட்டும்," என்பாள் இவள். முதுகு கூனிப்போய் அவரால் உயரத்தில் எட்டி எடுக்க முடியாமல் ஆனபோது, அந்தப் புத்தகத்தை வாசலுக்குப் பக்கத்தில் கைக்கெட்டுகிற தட்டில் மாற்றி வைத்தாள். எண்பத்தைந்தாவது வயதில் அவர் செத்தார். அடுத்த வாரம் அவருடைய மருமகள் ஒரு தள்ளுவண்டி நிறையப் புத்தகங்களோடு வந்தாள். கட்டிலுக்கு அடியில், பீரோவில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்று வீடு முழுக்கக் கிடந்ததாம். "மாமாவுக்குப் படிப்புன்னா உயிருங்க. பாருங்க, ஒரே புத்தகத்தையே எத்தனை வாங்கி வச்சிருக்காரு," என்றாள் அந்த அப்பாவி.

இருநூற்றுப் பதினொரு பிரதிகள். நூலகர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். முத்திரை இருந்த முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அவர் கிழித்திருக்கிறார், அவை புதிதாக முளைத்திருந்தன. முப்பத்தேழாம் பக்கம் எல்லாவற்றிலும் சுத்தமாக இருந்தது. திருட்டு என்று நிரூபிக்க ஒரு வழியும் இல்லை. அவள் பதிவேட்டை எடுத்து, புதுப் பக்கம் திருப்பி, எண் போட்டு, தலைப்பு எழுதினாள். 'வந்த விதம்' என்ற கட்டத்தில், தணிக்கை அதிகாரி அன்றைக்குச் சொன்ன மாதிரியே, 'அன்பளிப்பு' என்று எழுதினாள். 'கொடுத்தவர்' என்ற கட்டத்தில், 'டோக்கன் எண் நான்கு' என்று எழுதினாள். இருநூற்றுப் பதினொரு தடவை எழுதினாள், கை வலிக்கவில்லை. பாதியில் சுவரில் சுண்ணாம்பு உப்பியது. அக்கா துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்துவிட்டு, இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு போய் நின்றாள்.